கடாரத்தின் கடைசிக் காட்சி

சோழப் பேரரசும் கடாரப் பேரரசும் கூட்டுச் சேர்ந்த கொப்பி ஒன்றைக் காணவில்லை என்று கைருன்னிஸா வந்து சொன்னபோது நான் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத இடங்களில் சிரிப்பதற்காகத்தான் என்னைக் கூட வைத்திருக்கிறார் என்பது என் நெடுநாள் எண்ணம்.

ஐயா என்றால் கனகலிங்கம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எல்லைத் தகராறோ, காணாமல்போன மாடோ, முல்லைத்தீவுப் பக்கத்தில் எதுவானாலும் சனம் முதலில் அவருடைய வாசற் படலையைத்தான் தட்டும். நான் சுடலைமுத்து. இருபது வருடம் அவருடைய அளவைச் சங்கிலியின் மறு முனையைப் பிடித்தவன். சங்கிலி ஓய்வுபெற்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பெறவில்லை.

2003ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் புதன்கிழமை. காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. தண்ணீரூற்றில் ஹமீட் நானாவின் வீட்டு வளவில் நின்றோம். கைருன்னிஸா அவருடைய மகள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது புத்தளத்துக்குப் போனவர்கள். சண்டை நின்று பாதை திறந்த பிறகு இப்போதுதான் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கி நாலு நாள். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு மட்டும் அப்படியே இருந்தது.

காணாமல்போன கொப்பி, கையெழுத்தில் ஒரு நாடகம். தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஹமீட் நானாவும் தமிழ் படிப்பித்த செல்வநாயகம் மாஸ்டரும் எண்பத்தொன்பதில் சேர்ந்து எழுதத் தொடங்கியது. சரித்திரப் புத்தகத்தில் சோழன் கப்பலேறிப் போய்க் கடாரத்தை அடித்துப் பிடிக்கிறான். இவர்களுடைய நாடகத்தில் சண்டை பாதியில் நிற்கிறது. இரண்டு அரசர்களும் கைகோக்கிறார்கள். ஒரு கடல், இரண்டு கொடி. ஐந்நூறு வருடம் கழித்துப் போர்த்துக்கேயன் கப்பலில் வருகிறான், இரண்டு கொடிகளையும் ஒன்றாகப் பார்க்கிறான், குடிக்கத் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறான்.

அந்த நாளிலேயே நான் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். "அவன் வராட்டிக் குசினி எண்ட சொல்லும் வந்திராதே மாஸ்டர். எங்கட சனம் எங்க சமைக்கும்?" இன்னொன்றும் மனதில் வந்தது, கேட்கவில்லை. போர்த்துக்கேயன் வராவிட்டால் இங்கிலீஸ்காரனும் வரமாட்டான். தேயிலை இல்லை. என் பாட்டனை ஒருவரும் கடல் கடந்து மலைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்திருக்க மாட்டார்கள். அந்த நாடகத்தில் எனக்கு இடமே கிடையாது.

"ஆறுதலாச் சொல்லுங்கோ நானா. என்னத்தை, எங்க வைச்சனீங்கள்?" என்றார் ஐயா.

"பால்மாத் தகர ரின்னுக்குள்ள காணி உறுதிப் பத்திரமும் கொப்பியும். பொலித்தீனால சுத்தி, மெழுகுதிரி உருக்கி மூடி, கிணத்துக்கும் குசினி வாசலுக்கும் நடுவில குழி வெட்டித் தாட்டனான். அடையாளத்துக்கு மேல ஒரு பூவரசங் கதியாலை ஊண்டிப்போட்டுப் போனனான்."

வேலிக்கு ஊன்றுகிற பச்சைக் கம்புதான் கதியால். இந்த மண்ணில் ஊன்றினால் மரமாகிவிடும். வளவின் நடுவில் இப்போது ஒரு கதியால் இல்லை. கிழக்கு மேற்காக ஒரு முழு வேலி. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த இரண்டு குடும்பங்களுக்கு வளவைப் பிரித்தபோது போட்டது. பாதை திறந்ததும் அந்தச் சனம் தங்கள் ஊருக்குப் போய்விட்டது. வேலி நாற்பது பூவரச மரமாக நின்றது. அதில் ஒரு மரத்தடியில் யாரோ வெட்டிய பழைய கிடங்கு ஒன்று.

"உந்தா கிடங்கு. ரின் இல்லை. ஆரோ தோண்டி எடுத்திட்டினம்."

"நீங்கள் ஊண்டின கதியாலுக்குக் கால் முளைச்சு நடந்திருக்கும் நானா" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நான் ஏன் பகிடி விட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"ரின் இருக்கிறது ஆருக்குத் தெரியும்?" ஐயா கேட்டார்.

"செல்வா ஒருத்தனுக்குத்தான். போறதுக்கு முதல்நாள் அவனிட்ட மட்டும் சொன்னனான்." ஹமீட் நானாவின் குரல் இறங்கியது. "கடைசிக் காட்சி எழுத முதலே எங்களுக்குள்ள சண்டை. போற இரவு நான் தனிய இருந்து அதை எழுதி முடிச்சனான். அவன் அதைக் கண்ணாலயும் காணேல்லை. இப்ப பாத்தா, அவன் ஞாபகத்திலயிருந்து எழுதின நாடகமாம், கடைசிக் காட்சியோட முழுசா இருக்காம். சனிக்கிழமை மேடையாம். அந்தக் காட்சி அவனுக்கு எங்கால வந்தது?"

"வெள்ளிக்கிழமை வான் திரும்புது" என்றாள் கைருன்னிஸா. "கொப்பி கிடைக்காட்டி வாப்பாவும் அதில போயிடுவாராம். இனி இந்தப் பக்கமே வரமாட்டாராம். எனக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பம். உறுதி வேணும் எண்டு நான் நிக்கிறன். அவர் உறுதியைப் பற்றிக் கதைக்கிறாரே இல்லை."

"உறுதி போனாப் போகட்டும். பதின்மூண்டு வருஷம் புத்தளத்தில படுத்துக் கிடந்து யோசிச்சது அவனை. அவன் கள்ளனெண்டா எனக்கு இந்த ஊரில என்ன இருக்கு?"

ஐயா என்னைக் கிடங்குக்குள் இறக்கினார். வெட்ட வெட்ட மீன் முள் வந்தது, முட்டைக்கோது வந்தது, உடைந்த சிலேற்றுத் துண்டும் கருகிய சட்டி ஓடும் வந்தன.

"கள்ளன் தோண்டினாக் கிடங்கு மட்டும்தான் இருக்கும்" என்றார் ஐயா. "மீன் முள்ளுப் போடமாட்டான்."

"கள்ளனுக்கும் பசிக்கும்தானே ஐயா."

"ஒரே இடத்தில ஆறு மாசம் நிண்டு சாப்பிட்ட கள்ளனை நான் கேள்விப்படேல்லை. இது குப்பைக் கிடங்கு. இருந்த சனம் தோண்டினது."

பிறகு வேலி நீளத்துக்கு மெதுவாக நடந்தார். நடுவில் ஒரு மரத்தடியில் நின்று, குனிந்து, பட்டையைத் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"சைக்கிளை எடு" என்றார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. கரும்பலகையில் கப்பல் கீறியிருந்தது. செல்வநாயகம் மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்து, சோழனுக்கு மீசை ஒட்டுவதா கீறுவதா என்று இரண்டு பெண்பிள்ளைகளோடு வாதாடிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி வந்தார்.

ஐயா சுற்றி வளைக்கவில்லை. "ஹமீட் நானா தாட்ட கொப்பியை நீங்கள் எடுத்தனீங்களோ மாஸ்டர்?"

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் அப்பிடி நினைக்கிறானோ?"

"ஓம்."

"நினைக்கட்டும். நான் அதை எடுக்கேல்லை. அதைவிடப் பெரிய களவு செய்தனான்."

எனக்குக் காது விடைத்தது.

"அவையள் போன அண்டைக்கு நான் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்தனான். யன்னலால பாத்தனான். ஹமீட் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து என்ர படலையடியில கொஞ்ச நேரம் நிண்டவன். நான் வெளியில வரேல்லை."

"அதைக் களவு எண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லையே மாஸ்டர்" என்றேன், இலேசாக்குவோம் என்று.

"இல்லைத்தான். அதாலதான் என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை."

நான் கரும்பலகைக் கப்பலைப் பார்த்தேன்.

"கடைசிக் காட்சியில உங்களுக்கு என்ன சண்டை?" ஐயா கேட்டார்.

"முதல் காட்சியில கடாரத்தான் கடல் வழியை மறிச்சுத் துறைமுகத்தைப் பூட்டுறான். அந்தக் கோவத்தில சோழன் துறைமுகத்தைக் கொளுத்திறான். பேந்து ரெண்டு பேரும் கூட்டுச் சேரவேணும். கொளுத்தினவன்தான் முதல் மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு ஹமீட். சோழன் ஒருக்காலும் தலை குனியான் எண்டு நான். பெரிய வீறாப்பு அப்ப எனக்கு." மாஸ்டர் ஒரு அப்பியாசக் கொப்பியை நீட்டினார். "கொண்டுபோங்கோ. கடைசிக் காட்சி நானே யோசிச்சு எழுதினது. அவனுக்குப் பிடிக்குமோ தெரியாது."

திரும்பி வரும் வழியில் ஐயா கரியரில் இருந்தபடி மாஸ்டரின் கொப்பியைப் புரட்டினார். நான் பகிடி விடவில்லை. சைக்கிள் சங்கிலி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது.

ஹமீட் நானா மாஸ்டரின் கொப்பியைத் தொட மறுத்தார். ஐயா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து தானே வாசித்தார். சோழன் தன் கப்பலிலிருந்து தனியாக இறங்குகிறான். முடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். முழங்காலளவு தண்ணீரில் நின்று சொல்கிறான்: 'கடாரத்து அரசே, உன் வாசல் வரை வந்தும் உன் முகத்தைப் பார்க்கத் துணியாதவன் நான். பிழை என்னுடையது.'

ஹமீட் நானா தலையை நிமிர்த்தினார்.

"இப்ப சொல்லுங்கோ நானா. தாட்ட கொப்பியில உங்கட முடிவு என்ன?"

"நான் விட்டுக்குடுத்திட்டன். கடாரத்தான்தான் கரைக்கு வாறான். கடலைப் பூட்டினது என்ர பிழை எண்டு அவன்தான் முதல் சொல்லுறான். அண்டைக்கு இரவு எனக்கு வேற வழி தெரியேல்லை. ஆரும் ஒராள் இறங்கினாத்தானே நாடகம் முடியும்."

"மாஸ்டர் கொப்பியை எடுத்திருந்தா இதை வாசிச்சிருப்பார்" என்றார் ஐயா. "அவர் கேட்ட முடிவு அதில அப்பிடியே கிடக்கு. சோழன்ர தலை குனியத் தேவையில்லை. பிறகு அவர் ஏன் மினக்கெட்டுத் தன்ர சோழனைத் தண்ணிக்குள்ள இறக்குறார்? உங்கட முடிவை வாசிச்ச ஒருத்தன் இதை எழுதியிருக்கமாட்டான்."

ஹமீட் நானா கையை நீட்டிக் கொப்பியை வாங்கினார். அந்தப் பக்கத்தைத் தானே இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது கைருன்னிஸா வந்து தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ரின்னை எடுத்தது ஆர்?" என்று அவள்தான் கேட்டாள்.

"ஒருத்தரும் எடுக்கேல்லை பிள்ளை. கிடங்கைக் கண்ட உடனே வாப்பா அந்த மரத்தடியிலதான் தாட்டதெண்டு நினைச்சிட்டார். இஞ்ச வாங்கோ."

ஐயா காலையில் நின்ற அதே மரத்தடிக்குப் போனார். "நாப்பது மரத்தில இது ஒண்டுதான் தடிச்ச மரம். மற்றதெல்லாம் தொண்ணூற்றாறில ஊண்டினது. இது அதுகளுக்கு ஆறு வயசு மூப்பு. வேலி போட்டவன் தனிய நிண்ட உங்கட கதியாலைக் கண்டு, இதிலயிருந்துதான் ரெண்டு பக்கமும் அளந்திருக்கிறான். அவனுக்கு ஒரு முளைக்கட்டை அடிக்கிற வேலை மிச்சம். உங்கட அடையாளம் வேலிக்குள்ள அம்பிட்டு மறைஞ்சுபோச்சு."

"ஆர் அவன்?" என்றார் ஹமீட் நானா.

ஐயாவின் வலது கை மரத்தில் பொத்தினபடி இருந்தது. "அது ஆராயிருந்தா என்ன நானா. ரின் கிடைச்சாச் சரிதானே."

இந்த இடத்தில் நான் தப்பியிருக்கலாம். ஐயா எனக்காகப் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வெட்டியிருந்தால் விசயம் அத்தோடு முடிந்திருக்கும். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கிய என்னை, யார் எவர் என்று கேட்காமல், தன் தேத்தண்ணிக் கடைப் பின்னறையில் பதினாலு மாதம் படுக்க வைத்த மனுசன் முன்னால் நின்றார். பின்னேரம் சுட்டு வரும் பாணில் எனக்கென்று ஒரு துண்டு எப்போதும் எடுத்து வைப்பார்.

"நான்தான் நானா" என்றேன்.

அவர் திரும்பினார்.

"தொண்ணூற்றாறு தையில. ஐயா மலேரியாவில படுத்திட்டார். நான் தனியச் சங்கிலியைக் கொண்டு வந்தனான். மற்ற முனையைப் பிடிக்க ஆளில்லை. உந்தக் கதியால் நடு வளவில நிண்டுது. அதில கம்பியால கட்டிச் சங்கிலியைக் கொளுவினனான். அண்டைக்கே யோசிச்சிருக்கவேணும், வேலி இல்லாத இடத்தில ஒருத்தன் ஏன் கதியால் ஊண்டுவான் எண்டு. நான் யோசிக்கேல்லை."

ஐயா கையை எடுத்தார். பட்டைக்குள் மூழ்கிப்போன கம்பியின் நுனி ஒரு விரற்கடை நீளம் வெளியே தெரிந்தது. கையைக் கிழிக்காதபடி உள்ளே மடித்து, இடப் பக்கம் மூன்று முறுக்கு. அப்படி முறுக்கிறவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தன்தான்.

"காலையிலயே தெரியுமோ ஐயா?"

"இருபது வருஷம் மற்ற முனையைப் பிடிச்சவனுக்கு உன்ர முடிச்சுத் தெரியாதே?"

நான் நானாவைப் பார்த்தே மிச்சத்தையும் சொன்னேன். "வந்த சனம் உள்ளுக்க வர மாட்டனெண்டு நிண்டது. ஆரோ ஒராளின்ர வளவு, அவையள் திரும்பி வந்தா என்ன செய்யிறதெண்டு கேட்டவை. இனி அவையள் எங்க வரப்போகினம் எண்டு நான்தான் சொன்னனான். இந்த மரத்தடியில நிண்டுதான் சொன்னனான். காலையில நீங்கள் கதியால் எண்ட உடனேயே எனக்கு விளங்கிட்டுது. மாஸ்டரில பழி விழுகுதெண்டு தெரிஞ்சும் வாய் வரேல்லை. பகிடிதான் வந்தது."

ஹமீட் நானா கோபப்படுவார் என்று நின்றேன். அடித்தாலும் வாங்குவோம் என்று நின்றேன். அவர் அந்தக் கம்பி நுனியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"இனி எங்க வரப்போறம் எண்டு நானும்தான் நினைச்சனான் முத்து. பதின்மூண்டு வருஷமும்." பிறகு சொன்னார், "மண்வெட்டியை எடு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டடி ஆழத்தில், வேர்களுக்கு நடுவில் ரின் கிடந்தது. தகரம் துருவாக உதிர்ந்தது. பொலித்தீன் தாங்கியிருந்தது. உறுதியைக் கைருன்னிஸா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொப்பியின் ஓரங்களைக் கறையான் தின்றிருந்தாலும் எழுத்து இருந்தது.

பின்னேரம் ஹமீட் நானா என் சைக்கிள் கரியரில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவரைக் கண்ட மாஸ்டர் மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு பேரும் கட்டிப் பிடிக்கவில்லை. கொப்பிகளை மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருந்து வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் பழைய சண்டை திரும்பத் தொடங்கியது, தலைகீழாக. என் சோழன்தான் முதல் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மாஸ்டர். இல்லை, என் கடாரத்தான்தான் என்று நானா. பிள்ளைகள் மீசையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஐயா குறுக்கே வந்தார். "ரெண்டு பேரும் ஒண்டாக் கதைச்சா ஒருத்தருக்கும் விளங்காது. முதல் வாய் திறக்க ஒராள் வேணும்."

ஹமீட் நானா பென்சிலைக் காதில் செருகி யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ராசாக்கள் நெருப்பு வைக்கிறேல்லை செல்வா. அவை கட்டளைதான் போடுவினம். வைச்சவன் ஒருத்தன் இருப்பான்தானே. நாங்கள் அவனை எழுதவே இல்லை."

வெள்ளிக்கிழமை வான் போனது. நானாவின் பை அதில் போகவில்லை. அன்று முழுவதும் நான் அந்த வேலியை வெட்டினேன். அவர் கிணற்றுக் கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடு மரத்தை மட்டும் விடச் சொன்னார்.

இதோ சனிக்கிழமை பின்னேரம். திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். ஐயா முன்வரிசையில். என் கையில் அணைந்த தீவட்டி ஒன்றைத் தந்திருக்கிறார்கள். சோழனும் கடாரத்தானும் வாய் திறப்பதற்கு முன்னம் நான் நடுவில் போய் நின்று ஒரே ஒரு வசனம் சொல்லவேண்டும். முதலில் எழுதித் தந்தது: 'அரசர்களே, தீவட்டி பிடித்தவன் நான்.' அதில் பகிடி இல்லை. மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் சங்கிலி பிடித்தவன் என்றுதான் வாயில் வந்தது.

இன்று காலை அதை ஹமீட் நானாவிடம் சொன்னேன். அவர் கொப்பியை வாங்கி, தீவட்டி என்ற அந்த ஒரு சொல்லை வெட்டி, நான் சொன்னபடியே மாற்றி எழுதித் தந்தார்.